சுழலும் எண்ணெயில் ஒரு குழியாடி

ஒன்பதாம் வகுப்பில் குழியாடி என்றால் எவர்சில்வர் கரண்டியைக் காட்டிவிட்டுச் சூத்திரத்துக்குப் போய்விடுவேன். திருவொற்றியூரில் பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. "பெரிய தொலைநோக்கிக்கு இவ்ளோ பெரிய ஆடிய யார் சார் தேய்ப்பாங்க?" என்று ஒரு மாணவி கேட்டதில்தான் இந்தப் பாடம் பிறந்தது.

தேய்க்காமலும் செய்யலாம். உத்தராகண்ட் மாநிலம் தேவஸ்தலில் 4 மீட்டர் விட்டமுள்ள திரவ ஆடித் தொலைநோக்கி இருக்கிறது. 2022-இல் முதன்முதலாக வானைப் படம் பிடித்தது. ஏறத்தாழ 50 லிட்டர் பாதரசம் ஒரு தட்டில் 8 விநாடிக்கு ஒரு சுற்று சுழல்கிறது. அதன் மேற்பரப்பு தானாகவே பரவளையமாகிறது. தலைக்கு நேர் மேலே மட்டுமே பார்க்க முடியும், சாய்த்தால் கொட்டிவிடும் என்றதும் வகுப்பே சிரித்தது.

பாதரச ஆவி நஞ்சு. பள்ளியில் அதைத் தொடவே வேண்டாம். நான் எடுத்தது மெக்கானிக் கடையில் கிடைத்த கழிவு எஞ்சின் ஆயில். பழைய ரெக்கார்டு பிளேயரின் நடுவில் 20 செ.மீ. தட்டை வைத்து ஆயிலை ஊற்றி, நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடவிட்டேன். பிளேயர் கிடைமட்டமாக இருப்பது முக்கியம். ஆயில் அடங்க ஓரிரு நிமிடம் ஆகும். ஜன்னல்களைச் சாத்தி, ஆயிலுக்கு 2 மீட்டர் மேலே எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, சிறு துண்டு பட்டர் பேப்பரை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினோம். சுமார் 50 செ.மீ. உயரத்தில் பல்பின் பிம்பம் மங்கலாக விழுந்தது. ஆடிச் சமன்பாட்டில் போட்டால் குவியத் தொலைவு 40 செ.மீ.

f = g/2ω² என்ற சூத்திரமும் அதையே தருகிறது. இதில் திரவத்தின் அடர்த்தியே இல்லை. ஈர்ப்பு விசை, மையநோக்கு விசை இரண்டிலும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. ஆயிலோ பாதரசமோ, வடிவம் ஒன்றே. நம் தட்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 1.8 விநாடி, தேவஸ்தலில் 8 விநாடி. குவியத் தொலைவு நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். கணக்கைக் குழந்தைகளிடமே விட்டேன். 8 மீட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். உண்மையும் அதுதான்.

சுழலும்போதே இறுகினால் ஆடி நிலைத்துவிடுமே என்று அடுத்து ரெசினுக்குப் போனோம். இங்கேதான் நான் தோற்றேன். முதல் வார்ப்பு சூடேறி விரிசல் விட்டது. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே வராமல், காசிமேட்டில் ஃபைபர் படகு வேலைக்குப் போய்விடும் மாணவன் கடைசி பெஞ்சிலிருந்து, "கேட்டலிஸ்ட் ஜாஸ்தி சார்" என்றான். அளவைக் குறைத்தோம். (கலப்பது ஆசிரியர் வேலை: திறந்தவெளி, கையுறை, கண்ணாடி கட்டாயம். கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும்.) இரண்டாவது வார்ப்பு விரியவில்லை, ஆனால் பரப்பெங்கும் வளையம் வளையமாக வரிகள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தரையை அதிரவைத்த தடம் என்று அவன்தான் சொன்னான்.

மூன்றாவதை லாரி குறைந்த ஞாயிறு விடியலில், காற்றடித்த டியூப் மேல் பலகை போட்டு ஊற்றினோம். ஐந்து மணிக்கு எனக்கு முன்பே அவன் கேட்டில் நின்றிருந்தான். மேற்பரப்பு சற்றுப் பிசுபிசுத்தது. வரிகள் குறைந்தன, முற்றிலும் போகவில்லை. நிலாவைப் பார்க்க இந்த ஆடி போதாது. பல்பின் பிம்பம் மட்டும் ஆயிலில் விழுந்ததைவிடச் சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை அதை வகுப்பில் பிடித்துக் காட்டியது அவன்.