கிணற்றுச் சுவர் காட்டும் மண் அடுக்குகள்



புதிதாய்க் கிணறு வெட்டும்போது நீர் எத்தனை அடியில் ஊறும் என்று கீழே நோக்குகிறோமேயன்றி, பக்கச் சுவரைக் கவனிப்பதில்லை. சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் காடுகளில் அச்சுவரை மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

முதலில் காண்பது மேல்மண். இலை, வேர், சாணம் முதலியவை மக்கிக் கலந்திருப்பதால் நிறம் சற்று மங்கியிருக்கும். கையிலெடுத்தால் பொலபொலவென்று உதிரும். பெரும்பாலும் ஓரடிக்கு மேல் இராது. பயிரின் ஆகாரத்தில் பெரும்பகுதி இதிலேயே உள்ளது. அதன் கீழ் அடிமண். மழைநீர் மேலிருந்து இறக்கிய நுண்ணிய களி இங்கே தங்குவதால், இறுகிச் சிவந்திருக்கும். சிலவிடங்களில் சுண்ணாம்பு திரண்ட சுக்கானும் உண்டு. அதற்குக் கீழே சரளையும் உதிர்ந்த பாறையும். கடைசியில் கெட்டிப் பாறை.

இவை எவ்வாறு உண்டாயின? அப்பாறையே வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் நொறுங்கி மண்ணாயிற்று. அதிலிருந்த இரும்பு துருப்பிடித்ததே மண்ணின் சிவப்பு. தாய்ப்பாறை, சீதோஷ்ணம், உயிர்கள், மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை ஆக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி என்னும் மண்ணியல் அறிஞர் 1941-ம் வருஷத்தில் விளக்கினார். இவற்றுள் காலத்தை எவரும் கடனாகத் தர இயலாது. ஓரங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் செல்லும்.

நான் சங்கப் பரிசோதனைக்குச் சென்ற ஓர் ஊரில், அங்கத்தினர் ஒருவர் கடன் வாங்கித் தம் மேட்டு நிலத்தைச் சமன் செய்திருந்தார். மேட்டின் மேல்மண் முழுவதும் பள்ளத்தில் தள்ளப்பட்டிருந்தது. பள்ளத்தில் சோளம் ஆளுயரம் நின்றது. மேட்டிலோ முழங்காலளவு, அதுவும் மஞ்சள் பூத்து. முதல் தவணைக்கே அவர் ஓர் எருதை விற்க நேர்ந்தது. சமன் செய்தது குற்றமன்று. முறை தவறியதே குற்றம்.

ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. சமன் செய்யுமுன் மேல்மண்ணைத் தனியே குவித்து, அடிமண்ணை மட்டப்படுத்திய பின் மேலே பரப்புங்கள்.

2. சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பைப் பலப்படுத்துங்கள்.

3. கொழிஞ்சி, சணப்பு விதைத்து மடக்கி உழுங்கள்.

4. செங்கற் சூளைக்கு மேல்மண்ணை விற்காதீர்கள்; அது வட்டியன்று, முதல்.

அடுத்த மழைக்கு முன் நிலத்தின் மூலையில் இரண்டு முழக் குழி தோண்டி, உங்கள் முதல் எத்தனை அங்குலம் மீதமிருக்கிறதென்று அளந்து பாருங்கள்.