நீர்மட்டமும் நீர்ப்பறவைக் கூடுகளும்

குளத்து நீர் ஒரு சாண் ஏறுவதும் இறங்குவதும் கமக்காரனுக்கு விளைவு பற்றிய கணக்காகும். அக்குளத்திற் கூடு கட்டும் பறவைக்கோ அது குஞ்சுகளின் உயிர் பற்றியது. இவ்வுண்மையைக் கூடுகளின் அமைப்பைக் கொண்டே நாம் ஆராய்வோம். அவை மிதப்பன, கரையில் அமைவன, மரத்தில் அமைவன என மூவகைப்படும்.

முக்குளிப்பான் நீர்ப்பூண்டுகளைக் குவித்து, அருகிலுள்ள தண்டுகளோடு பிணைத்து மிதக்குங் கூடு அமைக்கின்றது. நீர் மெல்ல ஏறினாற் கூடும் உடன் ஏறும். வெள்ளம் திடீரெனப் புகுந்தாற் பிணைப்பு அறும். நீர் வற்றினால் நரியும் நாயும் நடந்தே வந்து முட்டைகளைக் கவரும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மீது 4 முட்டைகள் இடும். அடைகாப்பது சேவலே. இடையூறு நேரின் அது முட்டைகளை அலகுக்கும் மார்புக்கும் இடையே பற்றி வேறிடஞ் சேர்ப்பதும் உண்டு.

நெடுங்கால் உள்ளான் களப்போரத்திலும் உப்பளத்திலும் நீருக்குச் சற்றே உயர்ந்த திடரில் முட்டையிடும். அடைகாக்குங் காலம் ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நீர் ஏறினாற் சுள்ளிகளைச் சேர்த்துக் கூட்டை உயர்த்த முயலும். ஏற்றம் விரைவாயின் அம்முயற்சி பயன்படாது.

நாரையும் நீர்க்காகமும் நீரிடை நிற்கும் மரங்களை நாடுவன. அங்கே நீரே அகழியாகின்றது. 1938இற் சரணாலயமாக்கப்பட்ட குமணவின் வில்லு, கும்புக்கன் ஓயாவின் நீரை ஓர் ஒடுங்கிய கால்வாய் வழியே பெறுகின்றது. தமிழ்நாட்டு வேடந்தாங்கலிலோ மழை பொய்த்த ஆண்டுகளிற் பறவைகள் அருகிவிடுகின்றன.

அங்ஙனமாயின் நீர் என்றும் ஒரே மட்டத்தில் நிற்றல் நன்றோ? அன்று. நீர் மெல்லக் குறையுங்காற் மீன்கள் சிறு மடுக்களில் ஒதுங்கும். நாரை தன் குஞ்சுகளுக்கு எளிதில் இரை தேடும். ஆழநீரில் அவ்வேட்டை இயலாது. ஆகவே கூட்டைக் காக்க நீர் வேண்டும். குஞ்சை வளர்க்க அது சிறிது சிறிதாகக் குறையவும் வேண்டும். தீங்கு செய்வது மாற்றமன்று, மாற்றத்தின் விரைவே.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. துருசு திறப்போர் பயிருக்குரிய நீரைப் பறவைக்காக மறுக்க வேண்டுவதில்லை. அடைகாக்குங் காலத்தில் நீரை ஒருங்கே வடியவிடாது படிப்படியாக விடுவரேல், வயலும் விளையும்; கூடும் பிழைக்கும். வேடந்தாங்கலிற் பறவைகளின் எச்சங் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை உழவர் நெடுங்காலமாக அறிவர். மாணவர்கள் தத்தம் ஊர்க்குளத்தின் நீர்மட்டத்தையும் அங்குள்ள கூடுகளையும் வாரந்தோறும் குறித்துவருவாராயின், அக்குறிப்பே துருசு திறப்போர்க்கு நல்வழி காட்டும்.