சரிவோடு இயைந்த வீடுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நிலத்தின் ஏற்ற இறக்கம், மழை, மரம், குடியிருப்போரின் பழக்கம் ஆகியவற்றை முதலில் பார்த்து அதன்பின் சுவரெழுப்புவதே இயற்கையோடு இயைந்த வீடமைப்பு. நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத் தோட்டங்களில் குடும்பங்கள் லயன் காம்பராக்களை விட்டுத் தனிவீடுகளுக்கு மாறிவரும் இக்காலத்தில், இதைப் பற்றிய சில தவறான எண்ணங்களைக் களைவது அவசியம்.

நம்பிக்கை: இத்தகைய வீடுகள் வசதி படைத்தவர்களுக்கே.

உண்மை: மலைநாட்டின் மிகச் சிறந்த சான்று, கண்டி வட்டபுலுவவில் 1950களில் அரசாங்க ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. அதை வடிவமைத்த மினெட் டி சில்வா, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். வரைபடம் போடுமுன் அவர் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்தார். அவர்களின் தேவை, வாழ்முறை, கையிருப்பு எல்லாவற்றையும் கேட்டறிந்தார். பல இனத்தவரும் மதத்தவரும் அயலவராக வாழவிருந்த இடம் அது. அதனால் ஒரே வீட்டை நூறு தடவை கட்டாமல் பல மாதிரிகளை வகுத்தார். சரிவையும் மரங்களையும் இயன்றவரை அப்படியே விட்டார். கேட்பதற்குப் பெருஞ்செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

நம்பிக்கை: இயற்கை வீடென்றால் மண்சுவரும் ஓலைக்கூரையும்.

உண்மை: மினெட் டி சில்வாவே கண்டியில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் கொங்கிறீட்டும் மரபான தும்பறைப் பாய் நெசவும் ஒன்றாக இடம்பெற்றன.

நம்பிக்கை: மலையை வெட்டிச் சமப்படுத்தினால்தான் வீடு உறுதியாக நிற்கும்.

உண்மை: ஆபத்தானது இந்த எண்ணமே. சரிவின் அடியை வெட்டினால் மேலேயுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. தென்மேற்குப் பருவமழை கெஹெல்கமு ஓயாப் பள்ளத்தாக்கில் கொட்டும்போது, வெட்டிய முகத்தில் நீர் ஊறி மண் கனக்கிறது, வழுக்குகிறது. வீட்டின் நீளப்பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டி வைத்து, தளத்தைப் படிப்படியாக அமைத்தால் வெட்டு குறையும். மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி நீரைச் சுற்றிப் போகவிடுவதும், கூரையை நீளமாக இறக்கி இஸ்தோப்பை நனையாமல் காப்பதும் இதே சிந்தனையின் பகுதிகள். மழைநாளில் துணி உலர்வதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த இஸ்தோப்பில்தான்.

நம்பிக்கை: நல்ல வடிவமைப்பு மண்சரிவிலிருந்தும் காக்கும்.

உண்மை: 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்தது மேலிருந்து இறங்கிய மலை. குன்றே நிலையற்றதாயின் எந்த வீடும் தாங்காது. குடும்பங்களுக்குக் காணியை ஒதுக்குவதற்கு முன்பே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.