வாணிகமும் வளியும்

பண்டைத் தமிழர் கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கினர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொருள்களும் இறக்குமதிப் பொருள்களும் மலை போலக் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மீது சோழனது புலி இலச்சினை பொறிக்கப்பெற்றதையும் பட்டினப்பாலை கூறுகின்றது. அக்காலத்து மரக்கலங்கள் காற்றின் துணையால் ஓடின; பொருள்களைத் துறைக்குக் கொணர்ந்தவை மாட்டு வண்டிகள். ஆதலின், வாணிகம் வளர்ந்தும் வளி கெடவில்லை. இக்காலத்துக் கப்பலோ எண்ணெயை எரித்து ஓடுகின்றது. வாணிகம் பெருகுந்தோறும் காற்றில் கலக்கும் மாசும் பெருகுகின்றது. இதற்கு வடசென்னை தக்க சான்றாகும்.

இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் வங்கக் கடலின் கரையை ஒட்டி வடக்கு நோக்கி வரிசையாக அமைந்தவை. தென்னிந்தியாவின் முதல் இரயில் பயணம் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்தே தொடங்கியது. பின்னர் அருகில் துறைமுகம் எழுந்தது. காலப்போக்கில் ஆலைகள் பெருகின; மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், எண்ணூர்ப் பகுதியில் அனல்மின் நிலையங்களும் தோன்றின. 2001ஆம் ஆண்டில் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் திறக்கப்பெற்றது. அது 2014 முதல் காமராசர் துறைமுகம் என வழங்கப்பெறுகின்றது.

ஏற்றுமதியால் காற்று எவ்வாறு கெடும் என்பதை இனிக் காண்போம். கருநாடகத்தின் பெல்லாரி, ஓசுப்பேட்டைப் பகுதிகளில் வெட்டியெடுத்த இரும்புக் கனிமம் இரயில் வண்டிகளில் சென்னைத் துறைமுகத்திற்கு வந்து, சப்பான், சீனா முதலிய நாடுகளுக்குச் சென்றது. வெளியிலிருந்து வந்த நிலக்கரியும் அங்கேயே குவிக்கப்பெற்றது. பகற்பொழுதில் கடற்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அக்காற்று கனிமத்தின் செந்தூளையும் கரியின் கருந்தூளையும் வாரிக்கொண்டு வந்து அண்டையிலுள்ள குடியிருப்புகளில் சேர்த்தது. கனிமம் கப்பலேறிச் சென்றது. அதன் தூளோ கரையிலேயே தங்கிற்று.

இது குறித்த வழக்கை ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புக் கனிமத்தையும் கையாளலாகாது எனத் தீர்ப்பளித்தது. இராயபுரத்தார்க்கு இது பெரும் ஆறுதலே. ஆயினும், நிலக்கரி வாணிகம் நின்றுவிடவில்லை. எண்ணூர் முதலிய துறைமுகங்களை நாடிச் சென்றது. ஓரூரார் துயரை மற்றோர் ஊரார் தலையில் ஏற்றுவது தீர்வாகுமோ? எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகும் தூளினும் புலனாகாத மாசே கொடிது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்கள் மூக்கின் மயிர்களுக்கு அகப்படாமல் நுரையீரலின் ஆழத்திற்குச் சென்று, குருதியிலும் கலக்க வல்லவை. சரக்குப் பெட்டிகளைச் சுமந்து துறைமுக வாயிலை நோக்கி ஊரும் லாரிகளின் டீசல் புகையில் இவை மிகுதி. துறையில் நிற்கும் கப்பலும் விளக்குக்கும் பொறிகளுக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பெற எண்ணெயை எரித்துக்கொண்டேயிருக்கும்.

திருப்பெரும்புதூரில் உருவாகும் மோட்டார் வண்டி எண்ணூரினின்று எத்துணையோ தொலைவில் உருவாவது. எனினும், ஆலைகளை இயக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வடசென்னையில் கரியை எரித்துப் பெறப்படுவது. வண்டி அயல்நாட்டுத் தெருவில் ஓடும். அதன் பொருட்டு எழுந்த புகை இங்கே சூழும். 2017இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதனை உலகளவில் கணக்கிட்டது. 2007ஆம் ஆண்டில் நுண்துகள் மாசினால் உலகில் ஏறத்தாழ 34.5 இலட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்னரே இறந்தனர் என்றும், அவற்றுள் 22 விழுக்காடு இறப்புகள் ஒரு நாட்டுப் பகுதியார் நுகர்தற்பொருட்டு மற்றொரு பகுதியில் செய்யப்பெற்ற பொருள்களோடும் பணிகளோடும் தொடர்புடையன என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது.

அங்ஙனமாயின், ஏற்றுமதியைக் கைவிடலாமோ எனின், கூடாது. துறைமுகத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், ஆலைப் பணியாளர் எனப் பல்லாயிரவர் அதனால் வாழ்கின்றனர். நோய்க்கு மருந்து தேடுவதே அறிவுடைமை, நோயாளியை ஒழிப்பதன்று. கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கும் உலக விதி 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அவ்வாறே, துறையில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் அளிக்கலாம். லாரிகளுக்கு மாறாகச் சரக்கு இரயில்களை மிகுதியாகப் பயன்படுத்தலாம். கரியை மூடிய பாதைகளில் கொண்டு செல்லலாம். குவியல்மீது நீர் தெளிக்கலாம். புகைபோக்கிகளில் மாசு வடிக்கும் கருவிகளைப் பொருத்தி முறையாக இயக்கலாம்.

இவற்றிற்குப் பொருட்செலவு உண்டு என்பர். உண்மையே. ஆனால், அச்செலவைச் செய்யாது விடின் அது மறைந்துவிடுவதில்லை. மருந்துக் கடையிலும் மருத்துவமனை வாயிலிலும் எண்ணூர்த் தாய்மார் அதனைச் செலுத்துகின்றனர். மாணவர்களே! ஒரு பொருளின் விலைச்சீட்டைக் காணும்போது, அதில் எழுதப்படாத இவ்விலையையும் எண்ணுங்கள். நாளை நீவிர் பொறியாளராகவோ வணிகராகவோ அதிகாரியாகவோ விளங்குங்கால், நாட்டின் வருவாயைக் கணக்கிடும் ஏட்டிலேயே மக்கள் மூச்சுக்கும் ஓர் இடம் ஒதுக்குவீராக.