இலண்டன் மாநகரின் மித்திரன் கோயில்

இரண்டாம் உலகப் போரிற் குண்டு வீச்சினாற் சிதைந்த இலண்டன் வால்புறூக் பகுதியிலே, புதிய மாளிகை எழுமுன், டபிள்யு. எஃப். கிறைம்ஸ் என்னும் அறிஞர் 1952 ஆம் ஆண்டு முதலாக அகழ்வாராய்ச்சி நடாத்தினார். ஆங்கு வெளிப்பட்ட கட்டடம் எத்தெய்வத்துக்குரியது என்பதை 1954 செப்டெம்பர் 18 இற் கிடைத்த பளிங்குத் தலையொன்று ஐயந்தீர உணர்த்திற்று. உச்சி முன்வளைந்த குல்லாய் அணிந்த இளைஞன் முகம், அவனே மித்திரன். செய்தி பரவியதும் பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். சேர்ச்சிலின் அமைச்சரவையும் இக்கோயிலைக் காத்தல் பற்றி ஆராய்ந்தது.

கி.பி. 240 அளவில் எழுந்த இக்கோயில் ஏறக்குறைய 18 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உடையது. நடுக்கூடம் தாழ்ந்தது, இருமருங்கும் அடியார் அமர்ந்து விருந்துண்ணும் திண்ணைகளும், பக்கத்துக்கு ஏழாகத் தூண்களும் இருந்தன. மேற்றிசையில் அரைவட்ட மாடம். நம் கோயில்போல் யாவரும் சென்று வழிபடும் இடமன்று இது. தீக்கை பெற்ற ஆடவர் மட்டுமே, விளக்கொளியில், மறைவாகக் கூடினர். அவ்வடியார்க்குப் படிநிலைகளும் ஏழு.

மித்திரன் என்னும் பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. இருக்கு வேதம் வருணனோடு சேர்த்துப் போற்றும் மித்திரனும், பாரசீகரின் மித்திரனும் பெயரால் ஒரு மூலத்தினர். ஆயினும் உரோமர் வணங்கிய மித்திரன் குகையிலே காளையைக் கொல்பவன். வேத மித்திரனுக்கு அத்தகைய கோலம் இல்லை. பெயரொற்றுமை கண்ட மாத்திரத்தே வழிபாடும் ஒன்றெனச் சாதித்தல் ஆராய்ச்சியாகாது.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மித்திரன், மினேர்வா, செராப்பிசு ஆகியோரின் சிற்பங்கள் நிலத்தடியிற் புதைக்கப்பட்டன. கிறித்தவர்க்கு அஞ்சியே புதைத்தனர் என்பது முன்னையோர் கருத்து. கோயில் பின்னர் பாக்கசு என்னும் மதுத் தெய்வத்துக்கு உரியதாயிற்று என்பர் பின்னையோர்.

காத்த வகைதான் வருந்தத்தக்கது. கற்களைப் பெயர்த்து, 1962 இல் வேறோர் இடத்தில், தெருமட்டத்திலே, சீமெந்திட்டு அடுக்கினர். நிலத்தடிக் குகையின் இருள் அங்கே எவ்வாறு தோன்றும்? 2011 இல் அதனைக் கலைத்து, 2017 நவம்பரில், பழைய இடத்துக்கு அணித்தாக, தெருவுக்கு ஏழு மீற்றர் கீழே மீள அமைத்தனர்.

அம்முயற்சிக்கு முன் நிகழ்ந்த அகழ்விலே நானூற்றுக்கு மேற்பட்ட மரப்பலகை ஏடுகள் கிடைத்தன. அவற்றுளொன்று கோயிலினும் ஏறத்தாழ இருநூறாண்டு மூத்தது. கி.பி. 57 யனவரி 8 ஆம் நாள் திபுல்லசு என்பான் கிராத்தசு என்பானுக்கு எழுதிக்கொடுத்த 105 தெனாரியக் கடன்சீட்டு அது.