மருந்தின் பெயரை மாற்றினால் போதுமா?

கேமரன் மலையில் முட்டைக்கோஸ் பயிரிடுவோருக்கு வைரமுதுகு அந்துப்பூச்சி பழைய பகை. அதன் புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே வளரும். ஆனால் இலையைச் சல்லடையாக்கிவிடும். டிடிடி இப்பூச்சியிடம் தோற்றது 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் பதிவாயிற்று.

‘பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது’ என்கிறோம். இப்பேச்சு நம்மைத் திசைதிருப்புகிறது. எந்தப் புழுவும் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகி இந்நிலையை அடைவதில்லை. ஆயிரக்கணக்கான புழுக்களுள் மிகச் சிலவற்றுக்கு மருந்தைச் சிதைக்கும் நொதி பிறப்பிலேயே கூடுதலாக இருக்கும். வேறு சிலவற்றில் மருந்து தாக்கும் நரம்புப் பகுதியே சற்று மாறியிருக்கும். தெளித்தபின் மற்றவை மடிய, இவை பிழைத்துப் பெருகுகின்றன. வெப்பநாடுகளில் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று வாரமே போதும். விவசாயி அளவைக் கூட்டினால் இத்தேர்வு இன்னும் விரைவாகும். கூடுதல் நஞ்சோ தெளிக்கும் தொழிலாளியின் தோலிலும் நம் கறியிலும் சேரும்.

சரி, வேறு மருந்து வாங்கலாமே? இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். சைபர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் பெயரில் வேறு. பூச்சியின் நரம்பில் தாக்கும் இடம் ஒன்றே. ஒன்றை வென்ற புழு மற்றதையும் பெரும்பாலும் வெல்லும். மலேசியாவில் புட்டியின் மேலுள்ள வண்ணப்பட்டை மனிதருக்கு அது எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே காட்டும். பூச்சியை எவ்வழியில் கொல்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே வணிகப்பெயரை விட்டு மூலப்பொருளைப் பார்க்கவேண்டும். பன்னாட்டு வல்லுநர் குழுவான ஐராக் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் செயல்முறைப்படி ஒரு தொகுதி எண் தந்துள்ளது: பைரித்ராய்டுகள் 3, ஸ்பினோசாட் 5. ஒரு தலைமுறைக்கு ஒரு தொகுதி, அடுத்த தலைமுறைக்கு வேறு தொகுதி என்று மாற்றவேண்டும். ஒரே தலைமுறையின்மீது வாரத்துக்கொன்றாக மாற்றி மாற்றித் தெளிப்பது சுழற்சியாகாது.

அதைவிட முக்கியம், தெளிப்பைக் குறைப்பது. நாள் குறித்து அடிக்காமல், செடிகளைப் புரட்டிப் புழுக்களை எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்யவேண்டும். டயாடெக்மா என்னும் சிறு குளவி இப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. 1970களில் அது கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. எல்லாவற்றையும் கொல்லும் மருந்துகள் ஓயாது தெளிக்கப்பட்டால் முதலில் அழிவது இத்தகைய குளவிகளே. புழுவை மட்டும் தாக்கும் பிடி பாக்டீரியா மருந்து அவற்றுக்கு இடம் தருகிறது.

அதற்காகப் பிடியை மட்டுமே நம்பியிருக்கவும் முடியாது. ஹவாய்த் தோட்டங்களில் அதையும் தாங்கும் வைரமுதுகுப் பூச்சிகள் இருப்பது 1990இல் வெளியானது.