கூழ்முட்டை விற்றால் யாரிடம் சொல்வது?

ஊரில் வாங்கின முட்டை கூழாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லி வேறொன்று வாங்குவோம். அதோடு கதை முடிந்துவிடும். இங்கே ரொறன்ரோவில் அப்படியில்லை. சாப்பிடத் தகாத உணவை விற்பது ஒன்ராறியோ சுகாதாரச் சட்டப்படி குற்றம். ஆனாலும், "அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறம், ஏன் வீண் வம்பு" என்று எங்கட ஆட்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கடைகளுக்கு வரும் முட்டைகள் தரம் பிரிக்கும் நிலையத்தில் கழுவப்பட்டு, வெளிச்சத்தில் பிடித்துச் சோதிக்கப்படுகின்றன. பெட்டியில் மேப்பிள் இலைச் சின்னத்துடன் 'கனடா ஏ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்து, வெடித்த முட்டை இருந்தால் எடுக்காதீர்கள். தரம் பிரிக்காத முட்டையையும் 'சி' தர முட்டையையும் கடைகளோ உணவகங்களோ வைத்திருக்கவே கூடாது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதி அப்படிச் சொல்கிறது.

ஊரில் முட்டையை வெளியில் வைப்போம். இங்கே கழுவும்போது கோதின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்விடுவதால், வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியசில் வையுங்கள். மணம் இல்லை என்பதற்காக முட்டை நல்லது என்று நினைக்க வேண்டாம். சல்மொனெல்லா கிருமிக்கு மணம் கிடையாது. நன்றாக அவித்தோ பொரித்தோ சாப்பிடுங்கள்.

கெட்ட முட்டை கிடைத்தால்:

1. முட்டையையும் பெட்டியையும் ரசீதையும் எறிய வேண்டாம். ஒரு பையில் கட்டி, மற்றச் சாப்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள்.

2. தொலைபேசியில் 311ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். முறைப்பாடு ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போகும்.

3. கடையின் பெயர், விலாசம், வாங்கின திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

4. வயிற்றோட்டம், காய்ச்சல், வாந்தி இருந்தால் வைத்தியரிடம் போங்கள். இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டப் பத்திரம் இருந்தால் கொண்டு போங்கள்.

பரிசோதகர்கள் கடைக்குப் போய்ச் சோதிப்பார்கள். தகாத உணவைக் கைப்பற்றி அழிக்கவும், ஆபத்து இருந்தால் கடையை மூடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் கோரிக்கைக்குப் பாதிப்பு வருமா?

வராது. அகதிக் கோரிக்கையை முடிவு செய்வது மத்திய அரசின் குடிவரவு, அகதிகள் சபை. 311 நகரசபையின் சேவை. குடிவரவு நிலையைக் கேட்காமலே சேவை வழங்குவது என்று 2013இல் ரொறன்ரோ நகரசபை உறுதிப்படுத்தியது. உணவகத்தில் வேலை செய்பவர்களும் இதே இலக்கத்துக்கு அழைக்கலாம். நீங்கள் சொல்லாமல் விட்டால், அதே முட்டையை நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை சாப்பிடும்.